திரும்பும் நேரம் இரண்டு மணி

ஜூன் 29, ஞாயிறு

அக்கா வழக்கம்போல மதியம் ஒரு மணிக்கு அழைத்தாள். திருச்சியில் அப்போது காலை எட்டரை. காபி குடித்துக்கொண்டே பேசுகிறாள் என்பது டம்ளர் வைக்கிற சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

"வைதேகி எங்கடா?"

"குளிக்கிறா."

ஒன்பது மாதமாக என் மனைவி ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணிக்குக் குளித்துக்கொண்டே இருக்கிறாள். நடுவில் இரண்டு முறை கோயிலுக்கு அனுப்பிவைத்தேன். ஒரு முறை தலைவலி என்று படுக்க வைத்தேன். உண்மையில் அவள் இருப்பது சிட்னியில், ஸ்ட்ராத்ஃபீல்டில், மகள் ஸ்ருதி வீட்டுக்கு அடுத்த தெருவில். முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை. நான் மெல்பர்னில், கிரெய்கிபர்னில், நான்கு படுக்கையறை வீட்டில் ஒரு படுக்கையறையில்.

போன அக்டோபரில் கிளம்பும்போது, "வேலைக்காகப் போயிருக்கான்னு சொல்லிக்குங்க. உண்மைய எப்பச் சொல்லணுமோ அப்ப நீங்களே சொல்லுங்க" என்றாள். நான் இரண்டையும் சொல்லவில்லை. அக்கா அவளுக்குத் தனியாக மெசேஜ் அனுப்பினால் அவளும் என்னைக் காட்டிக்கொடுப்பதில்லை. அவள் எனக்குச் செய்கிற கடைசி உபகாரம் அது.

வாசலில் பெட்டியோடு நின்று "போயிட்டு வர்றேன்" என்றுதான் சொன்னாள். யார்தான் "போறேன்" என்று சொல்கிறார்கள்? அதை நம்பி மூன்று மாதம் அவள் தலையணை உறையைக்கூட மாற்றாமல் இருந்தது என் முட்டாள்தனம்.

ஜூலை 2, புதன்

இன்று யாரோடும் பேசவில்லை. அலுவலகக் கூட்டத்தில் இரண்டு தடவை "யெஸ்" சொன்னதைச் சேர்க்கவில்லை.

ஜூலை 12, சனி

சன்பரியில் பறவைக் குழுவின் கூட்டம். குளிர்காலக் கணக்கெடுப்புக்கு இடம் பிரித்தார்கள். எனக்கும் என் ஜோடி சவரிமுத்து அங்கிளுக்கும் பழைய இடமேதான் — டிரென்ட்டம் ஊருக்கு வெளியே, ஓர் உருளைக்கிழங்குப் பண்ணையை ஒட்டி, இரண்டு ஹெக்டேர். அங்கே இருபது நிமிடம் சத்தமில்லாமல் நின்று கண்ணில் பட்ட பறவையை எல்லாம் எழுத வேண்டும். முக்கியமாக பிளேம் ராபின். சிட்டுக்குருவியைவிடச் சின்னது. ஆண் பறவையின் நெஞ்சு அடுப்புத் தணல் நிறத்தில் இருக்கும். கோடையெல்லாம் மலையில் இருந்துவிட்டுக் குளிருக்கு வயல்வெளிக்கு இறங்கும். வருடா வருடம் குறைந்துகொண்டே வருகிறது. போன வருடம் எங்களுக்கு நான்கு.

இந்த வருடம் விண்ணப்பத்தில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்திருக்கிறார்கள். போன வருடம் வயதான உறுப்பினர் ஒருவர் காட்டில் வழுக்கி விழுந்து ஒரு நாள் முழுக்கக் கிடந்தாராம். அதனால்: "வீட்டுத் தொடர்பு. நீங்கள் குறித்த நேரத்துக்குத் திரும்பவில்லை என்றால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும்?" குறித்த நேரத்துக்கு மேல் ஒரு மணி நேரம் ஆகியும் நாம் போனில் "வந்துவிட்டேன்" என்று அழுத்தாவிட்டால் அந்த ஆளுக்குத் தானாகவே செய்தி போய்விடும்.

நான் மென்பொருளைச் சோதிக்கிற வேலையில் இருக்கிறவன். ஒரு கட்டத்தைப் பார்த்தால் அதில் என்னென்ன தப்பு வரும் என்று யோசிப்பதுதான் முப்பது வருடப் பழக்கம். இந்தக் கட்டத்தைப் பார்த்து எனக்கு ஒன்றுமே ஓடவில்லை.

அக்கா? இந்திய நம்பரை ஏற்காது. சவரிமுத்து அங்கிள்? அவர் என்கூடத்தானே தொலைந்து போவார். இடப்பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் தெரியாது, அவருடைய டிரக்கின் நிறம் தெரியும். வலப்பக்கத்துப் பஞ்சாபிக் குடும்பத்தோடு குப்பைத்தொட்டி வைக்கிற நாளில் சிரித்துக்கொள்வதோடு சரி. ஸ்ருதியைப் போடலாம். ஆனால் அவளிடம் கேட்க வேண்டும், கேட்டால் "why now, Appa?" என்பாள்.

விரல் வைதேகியின் பெயரை அடித்துவிட்டது. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் அவளுடையதுதான்.

எட்டிப் பார்த்த சவரிமுத்து அங்கிள், "மிசஸ்கிட்ட சொல்லி வச்சிடுங்க லா. திடீர்னு மெசேஜ் வந்தா பயந்துடப் போறாங்க" என்றார். மலேசியாவில், ஈப்போவில் வாத்தியாராக இருந்தவர். எழுபத்திரண்டு வயதிலும் எல்லோருக்கும் வீட்டுப்பாடம் கொடுப்பார்.

"சொல்றேன் அங்கிள்."

சொல்லவில்லை. நான் எப்போதும் நேரத்துக்கு வருகிறவன். செய்தி எங்கே போகப் போகிறது?

ஜூலை 19, சனி

பின்கட்டில் இரண்டு மைனா. நம் ஊர் மைனாதான். இங்கே அதை யாருக்கும் பிடிக்காது, உள்ளூர்ப் பறவைகளை விரட்டுகிறது என்று கூண்டு வைத்துப் பிடிக்கிறார்கள். எனக்கும் பிடிக்காது என்றுதான் குழுவில் சொல்லிக்கொள்கிறேன். இன்று சோறு போட்டேன்.

அவை சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது வைதேகி ஒருமுறை சொன்னது ஞாபகம் வந்தது. அவள் கத்திச் சொல்லவில்லை, துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "ஒரு பறவைக்காக இருபது நிமிஷம் மூச்சு விடாம நிக்கிறீங்க. நான் பேசினா ரெண்டு நிமிஷம் கேட்டதில்ல." அதற்கு நான் என்ன சொன்னேன்? "பறவை குறை சொல்லாது" என்றேன். நகைச்சுவை என்று நினைத்துச் சொன்னேன்.

ஜூலை 26, சனி

ஐந்நூறு மீட்டர் உயரம் வரைக்கும் பனி இறங்கலாம் என்று செய்தியில் சொல்கிறார்கள். டிரென்ட்டம் எழுநூறு. சவரிமுத்து அங்கிளுக்குக் காய்ச்சல். "விட்டுடுங்க லா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார். கணக்கெடுப்புக்கு நாளைதான் கடைசி நாள். நாங்கள் போகாவிட்டால் அந்த இடத்துக்கு நேராக இந்த வருடம் ஒரு வெற்றிடம் விழும். மூன்று வருடத் தொடர்ச்சி அறுந்துவிடும்.

உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், நாளை ஞாயிறு. வீட்டில் இருந்தால் ஒரு மணிக்கு மறுபடியும் அவளைக் குளிக்க வைக்க வேண்டும். அக்காவுக்கு "நாளைக்கு வெளில போறோம், மூணு மணிக்குப் பேசறேன்" என்று மெசேஜ் போட்டேன். போறோம். பன்மை.

ஃபிளாஸ்க்கில் ரசம். எலுமிச்சைச் சாதம். கிளம்பும் நேரம் ஏழரை, திரும்பும் நேரம் இரண்டு.

ஜூலை 28, திங்கள்

வேலைக்கு லீவு சொல்லிவிட்டேன். நேற்றையதை எழுத உட்கார்ந்தேன்.

உட்எண்ட் வரைக்கும் நல்ல சாலை. அங்கிருந்து மேற்கே திரும்பியதும் மழை தடித்தது. தடித்த மழை அப்படியே வெள்ளையானது. எனக்கு ஐம்பத்தேழு வயது. பனியைப் பார்த்ததில்லை என்று இல்லை, டிக்கெட் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்திருக்கிறேன். அது கேட்காமல் சாலையில் வந்து விழுவது வேறு. கொஞ்ச நேரத்தில் சாலைக் கோடுகள் போயின. பிறகு ஓரங்கள் போயின. முன்னால் போன ஒரு வண்டியின் தடத்தைப் பிடித்துக்கொண்டே போனேன். அந்த வண்டியும் ஒரு பண்ணைக்குள் திரும்பிவிட்டது.

முப்பதில் போனேன். இருபதில் போனேன். ஸ்டீயரிங்கைப் பிடித்த பிடியில் தோள் வலித்தது. முன்கண்ணாடியில் பனி இறுகிக்கொண்டே வந்தது. தண்ணீர் பீய்ச்சலாம் என்று பார்த்தால் அதுவும் உறைந்துவிட்டது. வண்டியை நிறுத்தி இறங்கினேன். சூடாக என்னிடம் இருந்தது ஒன்றுதான். யோசிக்காமல் ஃபிளாஸ்க்கைத் திறந்து ரசத்தைக் கண்ணாடியில் ஊற்றினேன்.

பனி கரைந்தது. கூடவே டக்கென்று ஒரு சத்தம், ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடியில் கீறல். வைப்பரைப் போட்டேன். அது தக்காளித் தோலையும் மிளகையும் கறிவேப்பிலையையும் கண்ணாடி முழுக்கப் பூசிவிட்டு அப்படியே உறைந்து நின்றது. அலுவலகத்தில் இளையவர்களுக்கு "விளைவை யோசிக்காமல் எதையும் அழுத்தாதே" என்று பாடம் எடுக்கிற ஆள் நான்.

பண்ணைக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது ஒரு வளைவு. பிரேக்கைத் தொட்டேன். தொட்டதுதான் தெரியும். வண்டி தன் இஷ்டத்துக்கு மெதுவாக, ரொம்ப மெதுவாக, இடப்பக்கம் வழுக்கி ஓரத்து வாய்க்காலில் இரண்டு சக்கரத்தை இறக்கிவிட்டுச் சாய்ந்து நின்றது. அடி ஒன்றும் இல்லை. பதினொன்றே கால். போனில் சிக்னல் இல்லை.

கொஞ்ச தூரம் நடந்து பார்த்தேன். கான்வாஸ் ஷூ. இரண்டு முறை விழுந்தேன். கால் நனைந்து மரத்துப்போகவே திரும்பி வந்து வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டேன். ஏதாவது வண்டி வரும் என்று நினைத்தேன். பின்னால் சாலையை மூடிவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது.

பனி நின்றதும் வந்த அமைதியை எப்படி எழுதுவது? கிரெய்கிபர்ன் வீட்டிலும் சத்தம் கிடையாது. ஆனால் அங்கே ஃபிரிட்ஜாவது ஓடும்.

அப்போதுதான் யோசித்தேன். நான் இங்கேயே இருந்துவிட்டால் யாருக்கு எப்போது தெரியும்? திங்கள் காலை கூட்டத்துக்கு நான் வராவிட்டால் "நெட்வொர்க் பிரச்சினை போல" என்பார்கள். செவ்வாய்க்கிழமை ஒருவேளை ஒரு மின்னஞ்சல் வரும். மைனாக்களுக்குத் தெரியலாம். அழுகை வந்தது. சாய்ந்த வண்டியில் உட்கார்ந்து அழுவது அசௌகரியமான காரியம், கண்ணீர் ஒரு பக்கமாகவே போகிறது.

பன்னிரண்டரை இருக்கும். பின்கண்ணாடியில் ஏதோ ஒரு நிறம். திரும்பினேன். வண்டி வழுக்கிக்கொண்டு வந்த இடத்தில் பனி வழிக்கப்பட்டு இரண்டு கோடாகக் கறுப்பு மண் தெரிந்தது. சுற்றுவட்டாரம் முழுக்க மண் தெரிந்த இடம் அது ஒன்றுதான். அந்தக் கோட்டில் ஒரு பிளேம் ராபின். ஆண். வெள்ளைப் பனியில் அந்த நெஞ்சின் நிறம்... தணல் என்று முன்பு எழுதினேன், இருக்கட்டும். அது மண்ணைக் கொத்தி எதையோ இழுத்துத் தின்றது. பிறகு வேலிக்கம்பத்திலிருந்து இன்னொன்று. பிறகு பழுப்பாகப் பெண் பறவைகள். ஒன்றை ஒன்று கூப்பிட்டுக்கொண்ட மாதிரி வந்து இறங்கின. எண்ணினேன். பதினொன்று.

இருபது நிமிடம் அசையாமல் எண்ணினேன். மூன்று வருடத்தில் இத்தனை பார்த்ததில்லை. திரும்பி "பாரு" என்று சொல்லப் பக்கத்து இருக்கையைப் பார்த்தேன். எலுமிச்சைச் சாத டப்பா இருந்தது.

இரண்டே முக்காலுக்குத்தான் அந்தக் கட்டம் ஞாபகம் வந்தது. திரும்பும் நேரம் இரண்டு. மூன்று மணிக்குச் செய்தி போகும். வைதேகிக்கு. நான் அவளிடம் சொல்லவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை, டியூட்டியில் இருப்பாளோ, பாட்டிமார் யாருக்காவது மாத்திரை கொடுத்துக்கொண்டிருப்பாளோ. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதுகிறேன்: கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. மூன்று மணிக்கு ஒருத்திக்குத் தெரிந்துவிடும்.

மூன்றரைக்கு டிராக்டர் சத்தம். பறவைகள் எழுந்து போயின. பெரிய கோட்டும் காதுத் தொப்பியுமாக ஒருவர் இறங்கி வண்டியைச் சுற்றி வந்தார். முன்கண்ணாடிக்கு முன்னால் நின்றார். குனிந்து பார்த்தார். விரலால் எதையோ உரித்து எடுத்து முகர்ந்தார்.

"அண்ணை, இது கறிவேப்பிலையோ?"

இந்த நாட்டுக்கு வந்து பத்தொன்பது வருடத்தில் இத்தனை நல்ல தமிழ் வாக்கியம் கேட்டதில்லை.

பெயர் சுகிர்தன். நாற்பத்தைந்து வயது இருக்கும். பண்ணையில் வேலை, மாட்டுக்கு வைக்கோல் போட வந்தவர். "பத்து மணிக்கே ரோட்டை மறிச்சுப் போட்டினம். நீங்கள் எப்பிடி இதுக்க வந்தனீங்கள்?" என்றார். கதவை இழுத்துத் திறந்து என்னை இறக்கினார். காலைப் பார்த்தார். தன் கையுறையைக் கழற்றி என் கையில் மாட்டினார். நான் நன்றி சொல்லத் தொடங்கினேன், "அது பிறகு. முதல் தேத்தண்ணி குடிப்பம்" என்றார்.

டிராக்டரில் போகும்போது, "உங்களைத் தேட ஆக்கள் இருக்கினமோ?" என்று கேட்டார். நான் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டேன். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, "எனக்கும் இஞ்ச ஒருத்தரும் இல்லை அண்ணை. மனிசியும் பிள்ளையும் வவுனியாவில. பதின்மூண்டு வருசம்" என்றார். கிழங்கின் விலையைச் சொல்கிற மாதிரிச் சொன்னார்.

மேட்டில் ஏறியதும் சிக்னல். போன் சட்டைப்பையில் துடித்து நிற்கவே இல்லை. வைதேகி பதினான்கு. ஸ்ருதி ஐந்து. சவரிமுத்து அங்கிள் இரண்டு. தெரியாத நம்பர் ஒன்று, அது போலீஸ். அக்கா ஆறு.

அக்கா ஏன் ஆறு தடவை?

முதலில் வைதேகியை அழைத்தேன். ஒரே மணியில் எடுத்தாள்.

"எங்க இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன். கார் வாய்க்கால்ல... நல்லா இருக்கேன்."

"உங்க அக்காகிட்ட கேட்டுட்டேன். உங்ககூடப் பேசினாரா, எங்கயாவது போறேன்னு சொன்னாரான்னு. யோசிக்கல. அவங்க, 'ஏன், நீ அவன்கூட இல்லையா'ன்னாங்க" என்றாள்.

"சொல்லிட்டேன். பத்து மாசமா இல்லன்னு சொல்லிட்டேன். எனக்கு அப்ப வேற எதுவும் தோணல."

"பரவால்ல."

"என் பேரை ஏன் போட்டீங்க?"

"வேற பேரு தோணல."

ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். நான் இந்த முறை அவசரப்படாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள். "அந்தப் பேரை எடுத்துடுங்க. கோவத்துல சொல்லல. அதுலேருந்து வெளில வர்றதுக்கு எனக்குப் பத்து மாசம் ஆச்சு, ஒரு மணி நேரத்துல திரும்பக் கொண்டுபோய் அங்கயே நிறுத்திட்டீங்க. இன்னொரு தடவ என்னால முடியாது."

போலீஸுக்குப் பேசினேன். ஸ்ருதிக்குப் பேசினேன். அவள் "Appa, you idiot" என்று சொல்லிவிட்டு அழுதாள். அக்காவுக்குப் பேசவில்லை.

இஞ்சி தட்டிப் போட்ட தேநீர். சுகிர்தனின் தகரக் கூரை வீட்டில் ஒரு கதிரைதான். அதில் என்னை உட்கார்த்திவிட்டு அவர் நின்றுகொண்டே குடித்தார்.

ஜூலை 30, புதன்

பறவைக் குழுவுக்கு அறிக்கை அனுப்பினேன். பிளேம் ராபின், பதினொன்று. எங்கள் இடத்துக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னாலேயே பார்த்ததால் கணக்கெடுப்பில் சேராதாம், "தற்செயல்" என்ற பட்டியலில்தான் போகுமாம். இந்த வருடம் எங்கள் இடத்துக்கு நேராக வெற்றிடம்தான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஒரு மணி. ஒன்றரை. இரண்டு. அக்கா அழைக்கவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அழைக்கவில்லை. நானே எடுத்து நம்பரைப் போட்டு, மணி போவதற்கு முன்னால் துண்டித்தேன். இனிமேல் பொய் சொல்ல வேண்டியதில்லை என்று நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். பொய் சொல்லக்கூட ஆள் இல்லை என்பது அதைவிட மோசம். யார் எதிர்பார்த்தார்கள்?

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஒரு மணி பத்து நிமிடம். அக்கா.

எடுத்தேன். டம்ளர் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "பாவம்டா அவ. பத்து மாசம் குளிக்க வச்சிருக்கியே. சளி பிடிக்காதா?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

"அவ உன்ன விட்டுட்டுப் போனது எனக்குக் கஷ்டமில்ல நாகு. வாழ்க்கைன்னா ஆயிரம் இருக்கும். நான் வாரா வாரம் போன் பண்ணி யாரு வீட்டு விஷயத்தையோ கேட்டுட்டு இருந்திருக்கேன். எங்கிட்ட எதுக்குடா மறைச்ச?"

"கவலப்படுவியேன்னு."

"இப்ப மட்டும்?"

கவலைப்படுவார்கள் என்று சொல்லாமல் இருப்பதை நான் இத்தனை நாள் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வைதேகியிடமும் அப்படித்தான். வேலை போகப்போகிறது என்று பயந்த வருடம், நெஞ்சு வலித்து டாக்டரிடம் போன வாரம், எதையும் சொல்லவில்லை. அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைப்பு. அவள் பார்த்ததோ வாயை மூடிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பறவை தேடுகிற ஒரு ஆளை.

அதில் நெஞ்சு வலியை மட்டும் இன்று அக்காவிடம் சொன்னேன். அரை மணி நேரம் திட்டினாள்.

பத்து நிமிடம் தாமதம் ஏன் என்று கடைசியில் கேட்டேன். வைதேகியோடு பேசிக்கொண்டிருந்தாளாம். "இனிமே அவளுக்குப் பேசிட்டுத்தான் உனக்கு" என்றாள். நியாயம்தான்.

ஆகஸ்ட் 23, சனி

டிரென்ட்டம் போனேன். பனி இல்லை, வெறும் சேறு. கையுறையைத் திருப்பிக் கொடுக்க. ஒரு கதிரையும் கொண்டுபோனேன், எங்கள் சாப்பாட்டு மேசையில் ஆறு இருக்கின்றன. ஃபிளாஸ்க்கில் ரசம்.

சுகிர்தன் கண்ணாடியைப் பார்த்தார். கீறல் இப்போது இரண்டு சாண். "இன்னும் மாத்தேல்லையோ?" என்றார். அடுத்த வாரம் என்றேன். ரசத்தைக் குடித்துவிட்டு, "நல்லாயிருக்கு. கண்ணாடிக்கு ஊத்தினது பாவம்" என்றார்.

இரண்டு கதிரையைப் போட்டு வயலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ராபின் ஒன்றே ஒன்று. மலைக்குத் திரும்ப ஆரம்பித்திருக்கும். கிளம்பும்போது ஒரு சாக்குக் கிழங்கு ஏற்றினார். "வீட்ட போய்ச் சேர்ந்ததும் ஒரு மெசேஜ் போடுங்கோ" என்றார். போட்டேன். கட்டைவிரல் படம் ஒன்று வந்தது.

செப்டம்பர் 14, ஞாயிறு

வசந்தகாலக் கணக்கெடுப்புக்குப் பதிவு தொடங்கிவிட்டது. வைதேகியின் பெயரை எடுத்தேன். அழிக்கிற பொத்தானில் ஆங்கில எழுத்து ஏழுக்கு ஏழு தட்டு. காலியாக விட்டுச் சேமித்தேன், ஏற்கவில்லை. ஒரு புள்ளி வைத்தேன், ஏற்கவில்லை. என் நம்பரையே போட்டேன். "இது உங்கள் எண்" என்றது. என் முப்பது வருட அனுபவத்தில் இவ்வளவு கச்சிதமாகச் செய்த கட்டத்தைப் பார்த்ததில்லை.

மூடி வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 22, திங்கள்

வைதேகி பேசினாள். வீட்டை விற்பது பற்றி. வக்கீல் பெயர் கேட்டாள். நிதானமாகப் பேசினோம். வைக்கும்போது "அந்தப் பேரை எடுத்துட்டீங்களா?" என்றாள். எடுத்துவிட்டேன் என்றேன். "யாரு பேரைப் போட்டீங்க?" யாருமில்லை, அதனால் போகவில்லை என்றேன்.

"அப்படி இருக்காதீங்க" என்றாள்.

அக்டோபர் 4, சனி

நாளை பதிவுக்குக் கடைசி நாள். காலையிலிருந்து போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். ஒரு மனிதனிடம், "நான் திரும்பி வராவிட்டால் நீங்கள் கவலைப்பட முடியுமா" என்று எப்படிக் கேட்பது? பெண் கேட்கப் போன அன்றுகூட இவ்வளவு நா உலர்ந்ததில்லை. அன்று அப்பா பேசினார்.

மதியம் சுகிர்தனை அழைத்தேன். சுற்றி வளைத்தேன். கிழங்கு நடவு எப்படிப் போகிறது, மழை எப்படி என்று கேட்டேன். அவர் பொறுமையாக எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கடைசியில் கட்டத்தைப் பற்றிச் சொல்லி, "உங்க பேரைப் போடலாமா? கேட்டுட்டுப் போடலாம்னு..." என்றேன்.

"ஓம், போடுங்கோ. அதுக்கென்ன."

பிறகு அவரே தொடர்ந்தார்.

"அண்ணை, இஞ்ச பண்ணையிலயும் அப்பிடி ஒரு ஃபோர்ம் இருக்கு. டிராக்டரில தனிய வேலை செய்யிற ஆக்களுக்கு. அவசரத்துக்கு ஒரு பேர் வேணுமெண்டு வருசக்கணக்கா கேட்டுக்கொண்டு இருந்தவை. நான் உங்கட பேரைப் போட்டிட்டன்."

"எப்ப?"

"ஆகஸ்டில. நீங்கள் கதிரை கொண்டந்த அண்டைக்கு. கேக்காமல் போட்டது பிழைதான். கோவிக்காதேங்கோ."

அக்டோபர் 5, ஞாயிறு

அக்காவிடம் சொன்னேன். "யாருடா அது?" என்றாள். முதலிலிருந்து சொன்னேன், ரசம் உட்பட. ஒன்றையும் விடவில்லை. ஒரு மணி நேரம் ஆனது.

அக்டோபர் 11, சனி

மதியம் 2.40-க்கு சுகிர்தனின் மெசேஜ். "பள்ளத்து வயலில கிழங்கு நடப் போயிட்டு வாறன் அண்ணை. தனிய. அஞ்சு மணி."

சரி என்று பதில் போட்டேன். துணி காயப் போட்டேன். மைனாவுக்குச் சோறு வைத்தேன்.

ஐந்து மணி. ஒன்றும் வரவில்லை. ஐந்து பத்து. அழைத்தேன், மணி போகவில்லை. அந்தப் பள்ளத்தில் சிக்னல் கிடையாது, எனக்கே தெரியும். ஐந்து இருபது. டிராக்டர் சரிவில் சாய்வது பற்றி அவர் சொன்னதெல்லாம் ஞாபகம் வந்தது. உட்கார முடியவில்லை. வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்தேன். வைதேகிக்கு அன்று ஒரு மணி நேரம் இப்படித்தான் இருந்திருக்கும், அதுவும் எண்ணூறு கிலோமீட்டர் தள்ளி, அவளைக் கேட்காமல் நான் வைத்த பெயரோடு. அவளிடம் ஒரு நாள் இதைச் சொல்ல வேண்டும். மன்னிப்பாக இல்லை, தெரிந்துகொண்டேன் என்று.

ஐந்து இருபத்தெட்டு. ஷூ போட்டுவிட்டேன். கார் சாவி கையில். பண்ணைக்காரரின் நம்பரைத் தேடிக்கொண்டே கதவைத் திறந்தேன்.

ஐந்து முப்பத்தொன்று. "வந்திட்டன். சங்கிலி அறுந்து போச்சு, அதுதான் சுணங்கிட்டுது. பயந்திட்டீங்களோ?"

வாசல்படியிலேயே உட்கார்ந்து "ஆமா" என்று அடித்தேன். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து உள்ளே வந்து, சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, அரிசி களைந்தேன்.